டீபால்ட்டு அண்ணனும் கல்வராயன் மலைப் பன்றிகளும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, ‘யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்?’ என்ற ஒரே கவலையில் உடம்பு இளைத்த மனிதர் எங்கள் டீபால்ட்டு அண்ணன்தான். நம்மில் பாதிப் பேர் ஏதாவது சொல்லித் தொலைத்துவிட்டுக் கவலைப்படுகிறோம். அவர் சொல்லாததற்கெல்லாம் கவலைப்பட்டார். நிஜப்பெயர் அவரைப் பெற்றவளுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் டீபால்ட்டு.

கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் டீபால்ட்டு என்றால், நாம் எதுவும் சொல்லாதபோது மெஷின் தானாக எடுத்துக்கொள்கிற முடிவு. நமக்கு அது ஒரு வார்த்தை. அவருக்கு அது மதம். நான் அவருடைய ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கிளாசைக் கையில் வாங்கும் முன்பே டீ மாஸ்டரை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“மாஸ்டர், யாரும் ஒண்ணும் சொல்லலன்னா சக்கரை போடுவியா, மாட்டியா?”

“போடுவேன். அதுல இன்னா?”

“தப்பு மாஸ்டர். சக்கரை வேணும்ன்றவன் வாயத் தொறந்து கேட்டு வாங்கிக்குவான். சுகர் இருக்கிற மனுஷன் கூச்சப்பட்டுக்கினு சொல்லாம குடிச்சிட்டுப் போயிடுவான். சொல்லாதவனுக்கு எது கெடுதல் பண்ணாதோ, அதத்தான் டீபால்ட்டா வைக்கணும்.”

மாஸ்டர் நல்ல மனுஷர். யோசித்துப் பார்த்து, மறுநாள் காலை சொல்லாதவர்களுக்கெல்லாம் சர்க்கரை இல்லாமல் ஆற்றிக் கொடுத்தார். உரமூட்டை இறக்க வந்த லோடுமேன்கள் முதல் வாய் குடித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்த பார்வையில், அவர் சர்க்கரை டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்கு அந்தக் கடையில் டீ இலவசம். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கண்டிஷன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். தியாகதுருகத்தில் நல்ல குடும்பம். கேசரி, பஜ்ஜி எல்லாம் பிரமாதம். பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள். பெண்ணின் மாமா, “பொண்ணு ஒண்ணும் சொல்லல, அப்ப சம்மதந்தான். மேக்கொண்டு பேசலாம்ங்க” என்றார். டீபால்ட்டு பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

“அது எப்படிங்க? ஒண்ணும் சொல்லலன்னா வேணாம்னுதான் எடுத்துக்கணும். வேணும்னா அவங்க வாயால சொல்லட்டும்.”

அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. “எனக்கு வேணாம்.” சம்பந்தம் முறிந்து எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். இவர் மட்டும் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “பாத்தியாடா, கேட்டதுமே எவ்ளோ தெளிவா சொல்லிச்சி!” என்று கள்ளக்குறிச்சி வரும்வரை சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தார். கட்டையால் அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

எங்கள் ஆபீஸ் கச்சிராயபாளையம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. காட்டுப்பன்றி விரட்டும் பெட்டி செய்து விற்றோம். சிரிக்காதீர்கள். மலையில் மரவள்ளி போட்டவர்களைக் கேளுங்கள், பன்றி என்றால் என்ன என்று சொல்வார்கள். ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் காட்டை உழுதுவிட்டுப் போய்விடும். எங்கள் பெட்டிக்குள் சோப்புக்கட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். ஏதாவது அசைந்தால் ஸ்பீக்கரில் சத்தம் போடும். முதலாளி எம்.டி. சார் மூளை, டீபால்ட்டு புரோகிராம், நான் பைக்கில் போய்ப் பெட்டி மாட்டுகிறவன், போன் எடுக்கிறவன், திட்டு வாங்குகிறவன்.

என்ன சத்தம் போடுவது என்பதில்தான் முதலில் திண்டாடினோம். வெடிச்சத்தம் வைத்தோம், பன்றிகளுக்குப் பழகிவிட்டது. நாய் குரைப்பதை வைத்தோம், ஊர் நாயெல்லாம் கூடிவிட்டது. எம்.டி. சார் தானே கம்பீரமாகப் பேசி ரெக்கார்டு செய்தார். பன்றிகள் கிட்டே வந்து கேட்டுவிட்டுப் போனதாகத் தகவல் வந்தது.

அப்புறம் ஒருநாள் புது மைக்கை ஆன் செய்து சோதித்துக்கொண்டிருந்தோம். என் போனில் சார்ஜ் இல்லை. சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். அது டீபால்ட்டின் மெஷின். அவர் காலையிலிருந்து அதில் கம்பைலர் கட்டிக்கொண்டிருந்தார்.

“யார்ரா அது! கைய எட்றா! அங்கயே நில்லு!”

நான் பிளக்கைக் கீழே போட்டுவிட்டேன். கீழே உரக்கடையில் தராசு ஆடியதாகச் சொன்னார்கள். மைக்கில் அத்தனையும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அதைப் பெட்டியில் ஏற்றி மலையில் மாட்டினோம். அவ்வளவுதான், அன்றைக்கு ஓடிய பன்றிகள் அடுத்த மலைக்கே குடிபோய்விட்டன. ஒரு கம்பைலர்காரனின் வயிற்றெரிச்சல்தான் கல்வராயன் மலையில் மரவள்ளியையும் சாமையையும் காப்பாற்றியது.

கம்பைலர் என்றால் என்ன என்று அவரைக் கேட்டால் விடமாட்டார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிற இன்னொரு புரோகிராம் அது. ஊரில் எல்லாரும் ரெடிமேடாக எடுத்துக்கொள்வார்கள். இவர் தன் கையாலேயே கட்டுவார். கட்ட ஆரம்பிக்கும்போது அது சில கேள்விகளுக்கு விடை கேட்கும். அதில் ஒன்று, பெட்டிக்கு மூளையாக இருக்கிற பிராசசரைப் பற்றியது: ‘எந்த பிராசசருக்கு என்று யாரும் சொல்லாவிட்டால், நான் எந்த பிராசசருக்கு மாற்றிக் கொடுக்கட்டும்?’

இதைவிட அவருக்குப் பிடித்த கேள்வி உலகத்தில் உண்டா? எதிரில் கம்பைலரைப் பெற்றவரே உட்கார்ந்து கேட்பதுபோல் சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு விடை எழுதுவார். எப்போதும் ஒரே விடைதான். இருப்பதிலேயே பழைய, நோஞ்சான் பிராசசர். ஏனென்றால் மலையில் முதன்முதலில் மாட்டிய பெட்டிகளில் அதுதான் இருந்தது. பழைய பிராசசருக்குச் செய்தது புதியதிலும் ஓடும். புதியதற்குச் செய்தது பழையதில் ஓடாது, அது புரியாமல் அங்கேயே மல்லாந்துவிடும்.

வம்பு புதுப்பெட்டியில் வந்தது. எம்.டி. சார் கேமரா வைத்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வருவது பன்றியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தும். அதற்கு வேகமான புது பிராசசர். சங்கராபுரம் பக்கம் மக்காச்சோளக்காரர்கள் நிறையப் பேர் வாங்கினார்கள். ஆனால் அதற்குப் புரோகிராம் செய்யும்போது ‘இது புது பிராசசருக்கு’ என்று கூடவே ஒரு வார்த்தை சேர்த்து அடிக்க வேண்டும். நான் மறந்துவிடுவேன். எம்.டி. சாரும் மறந்துவிடுவார். உடனே கம்பைலரின் டீபால்ட்டு குறுக்கே வந்து நோஞ்சானுக்கு ஏற்ற புரோகிராமைக் கொடுத்துவிடும், புதுப்பெட்டி ஆமை வேகத்தில் யோசிக்கும்.

சங்கராபுரத்துக்காரர் ஒருவர் போன் செய்தார். “ஏம்ப்பா, பன்னி வந்துச்சி, தின்னுச்சி, அது வூட்டுக்குப் போய் படுத்துக்கினு இருக்கசொல்ல உங்க பொட்டி ‘யார்ரா அது’ன்னு கேக்குது. யாரக் கேக்குது, என்னையா?”

எம்.டி. சார் போனை வைத்துவிட்டு நேராக டீபால்ட்டிடம் போனார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை இன் செய்து, பட்டன் அவிழ்க்காத மனுஷர். அன்றைக்கு அவிழ்த்தார்.

“யோவ், கம்பைலர்ல டீபால்ட்ட புதுசுக்கு மாத்து. விக்கறது பூரா புதுசு. மலையில இருக்கிறது கொஞ்சம் பொட்டி. அதுக்கு வேணும்னா வார்த்தைய சேத்து அடிச்சிக்கலாம்.”

“சார், இப்ப மறந்தா இன்னா ஆவுது? புதுசு மெதுவா ஓடுது. மாத்தி வச்சப்பறம் மறந்தா? பழசு செத்துப்போவும். மெதுவா ஓடறதும் செத்துப்போறதும் ஒண்ணா சார்?”

“மெதுவா ஓடுனா கஸ்டமர் செத்துருவான்யா! அப்பறம் நான்!”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. நாள்கணக்கில் சண்டை. சாப்பாட்டு நேரத்தில்கூட ஒருவர் டிபன் பாக்சை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் எம்.டி. சார் முதலாளி என்பதால் ஜெயித்தார். டீபால்ட்டு எழுந்து நின்று, எங்கள் எல்லாருக்கும் எதிரில், உரக்கடை வரைக்கும் கேட்கும்படி சபதம் போட்டார்.

“மாத்தித் தர்றேன். ஆனா இதால மலையில ஒரே ஒரு பொட்டி நின்னாலும் நான் இந்த ஆபீஸ் படி ஏற மாட்டேன். ஆமா!”

எம்.டி. சாரைக் குற்றவுணர்ச்சியில் நெளிய வைக்கத்தான் அப்படிச் சொன்னார். ‘மறக்கப்போவது நீங்கள், போகப்போவது நான், அப்போது தெரியும் என் அருமை’ என்று அர்த்தம். மாற்றியும் கொடுத்தார். சங்கராபுரம் பெட்டிகள் பன்றி வாய் வைக்கும் முன்பே கத்த ஆரம்பித்தன. ஆபீசில் மைசூர்பாகு கொடுத்தார்கள். டீபால்ட்டு தன் பங்கை எனக்குக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மலைப் பெட்டிகளுக்குச் சின்னதாக ஒரு புது புரோகிராம் செய்து, போன் சிக்னல் வழியாகவே அனுப்பினோம். எல்லாப் பெட்டியும் அதை வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு புகாரும் இல்லை. எப்படி வரும்? மலையில் சிக்னல் கம்மி என்பதால், உடம்பு சரியில்லாத பெட்டி மட்டும்தான் தகவல் அனுப்பும். பேசாமல் இருந்தால் சவுக்கியம் என்று அர்த்தம். அந்த ஏற்பாட்டைச் செய்தவரும் நம் ஆள்தான்.

சில நாள் கழித்து வெள்ளிமலையிலிருந்து ஒரு போன். பச்சையம்மா அக்கா. மலையில் எங்கள் முதல் பெட்டியை வாங்கி மாட்டியவர், இரண்டு ஏக்கர் மரவள்ளி. குரல் அடையாளமே தெரியவில்லை, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் இருந்தது.

“தம்பி, சத்தம் நின்னுபோச்சிப்பா. எந்தக் காட்டுலயும் கேக்கல. அந்தப் புள்ளய வேலய வுட்டு எடுத்துட்டீங்களா?”

“எந்தப் புள்ளக்கா?”

“அதான், ‘கைய எட்றா’ன்னு கத்துமே, அது. நல்ல புள்ளயாச்சே. ஏதாச்சும் எதுத்துப் பேசிருந்தா பெரிய மனசு பண்ணி மன்னிச்சி சேத்துக்கச் சொல்லுப்பா உங்க மொதலாளிய. கெழங்கு புடுங்கற நேரம் வேற.”

ஆளை எடுத்துவிட்டதால் ஆளின் குரலையும் எடுத்துவிட்டோம் என்று மலையில் முடிவுகட்டிவிட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். டீபால்ட்டு கையிலிருந்த மிக்சர் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, அலமாரியில் கிடந்த ஒரு பழைய பெட்டியை எடுத்தார். மலைக்கு அனுப்பிய அதே புரோகிராமை ஏற்றி ஓடவிட்டார். திரையில் ஒரே வரி வந்தது. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.’ தனக்குப் புரியாத கட்டளை வந்துவிட்டது என்று நோஞ்சான் பிராசசர் முறையிடுகிறது. நான் அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். ‘இல்லீகல்’ என்று காதில் விழுந்ததும் கீழே உரக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

“யாருய்யா வார்த்தைய சேக்காம செஞ்சது?” என்று எம்.டி. சார் பாய்ந்து வந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார், எல்லாரும் என்னைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

“நாந்தான் சார்” என்றார் டீபால்ட்டு.

மறதிக்காரர்களுக்காகவே வாழ்க்கையை அர்ப்பணித்தவர், அவரே மறந்திருந்தார். யோசித்தால் அவர்தானே மறப்பார்? நானும் எம்.டி. சாரும் தப்புச் செய்து திட்டு வாங்கிச் சேர்த்து அடிக்கப் பழகியிருந்தோம். மலைப் பெட்டிக்கு வார்த்தை எதுவும் சேர்க்காமலே வருஷக்கணக்கில் அடித்துப் பழகிய விரல்கள் அவருடையவை.

இங்கிருந்து சரியான புரோகிராமை அனுப்பவும் வழியில்லை. செத்த பெட்டி எதை வாங்கிக்கொள்ளும்? ஒவ்வொரு காட்டுக்கும் போய், பெட்டியைத் திறந்து, நகத்தளவு கார்டை மாற்ற வேண்டும். கார்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பைக்கில் ஏறினார். கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறியபோது வழியெல்லாம் ஒரே புலம்பல்.

“கெழங்கு பூராவும் போயிருக்கும்டா. அந்தம்மாவுக்கு அத வுட்டா வேற இன்னா இருக்குது? நான் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு போயி நிப்பேன்?”

“இப்ப இருக்கிற மூஞ்சியே போதும்ணா, புடிச்சி உக்காருங்க” என்றேன்.

பச்சையம்மா அக்கா காட்டை நெருங்கும்போது சாயங்காலம். பைக்கை நிறுத்தினேன். மரவள்ளிக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம்.

“யார்ரா அது! கைய எட்றா! அங்கயே நில்லு!”

நான் நின்றுவிட்டேன். டீபால்ட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவருக்கே அவர் வசனம் அப்படி வேலை செய்தது. பரண்மேல் நின்று கத்தியது பச்சையம்மா அக்கா. அடுத்த காட்டிலிருந்து ஓர் ஆண் குரல் அதையே கத்தியது. அதற்கடுத்த காட்டில் இன்னொன்று. அந்தப் பன்றிகளுக்கு வேறெந்த வார்த்தையும் பயமில்லை என்று, பெட்டி நின்ற நாளிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆளாக முறை வைத்து அண்ணன் மாதிரியே கத்திக்கொண்டிருந்தார்கள்.

வரப்போரம் ஒரு மூலை தோண்டிக் கிடந்தது. டீபால்ட்டு அதைப் பார்த்ததும் அங்கேயே குந்திவிட்டார்.

“அக்கா, என்னாலதாங்க்கா. நாந்தான் பண்ணிட்டேன்.”

அக்கா பரணிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். “அதுவா? அது உன் பொட்டி நல்லா கத்திக்கினு இருக்கசொல்லவே தோண்டுனது தம்பி. ஒரு செவிட்டுப் பன்னி இருக்குது.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா பேசும்போது தொண்டையிலிருந்து பாதிதான் சத்தம் வந்தது, மீதி காற்று. கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தார். அண்ணன் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதுவிட்டார். பெரிய ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதுகொண்டே பெட்டியைக் கழற்றிக் கார்டை மாற்றினார். ஸ்பீக்கர் கரகரத்து, அவருடைய பழைய கோபம் காடு முழுக்கக் கேட்டது. அக்கா அப்பாடா என்று வரப்பில் உட்கார்ந்துகொண்டு, “இனிமே நான் வாய மூடிக்கிறன் சாமி” என்றார்.

வெள்ளிமலையில் தங்கி ஒவ்வொரு பெட்டியாக உயிர்ப்பித்துவிட்டு இறங்கினோம். உரக்கடை வாசலில் பைக் நின்றது. நான் விடுவிடுவென்று படி ஏறிவிட்டேன். பின்னால் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் அவர் கீழே ஒரு யூரியா மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

எம்.டி. சார் மாடிப்படிக்கு வந்தார். “யோவ், மேல வாய்யா.”

“வர முடியாது சார். சொன்னேன்ல?”

“நீ என்னத் திட்டறதுக்காகத்தானே சொன்ன!”

“யார மனசுல வச்சி சொன்னேன்னு படிக்குத் தெரியுமா சார்? பொட்டி நின்னுச்சா இல்லியா? சின்னசேலத்துல ஜவ்வரிசி மில்லுல கம்ப்யூட்டர் பாக்க ஆளு கேக்கறாங்க. நாளைக்குப் போயி சேந்துக்கறேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும், சர்க்கரை இல்லாத டீக்காக மாஸ்டரிடம் வாதாடிய முகம் அது. எம்.டி. சார் உள்ளே போனார். கதவு சாத்தப்படும், அவ்வளவுதான் கதை என்று நினைத்தேன். உள்ளே கரகரவென்று எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

“டேய், மசமசன்னு நிக்காத. அந்தப் பக்கம் புடிடா” என்றார் எம்.டி. சார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, டீபால்ட்டின் மேசையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

இறக்கினோம். மேசை, நாற்காலி, மெஷின், அப்புறம் எம்.டி. சார் மேசை, அப்புறம் என் ஸ்டூல். உரக்கடைக்காரர் குடோனில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். ஒயரை மாட்டி முடித்ததும் எம்.டி. சார், “டீபால்ட்ட பழசுக்கே வைய்யா” என்றார். எங்கள் அண்ணன் சும்மா இருந்தாரா? “அது எப்படி சார், சங்கராபுரத்துக்காரரும் நம்ம ஆளுதானே?” என்று மறுபடி ஆரம்பித்தார். மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து பேசிப் பேசி, டீபால்ட்டைப் பழசுக்கு வைத்துவிட்டு, புதுப்பெட்டிக்கான வார்த்தையை ஒரு சின்னக் கோப்பில் எழுதி மெஷினே தானாகச் சேர்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

“இத மொத நாளே செஞ்சிருக்கலாமே?” என்று கேட்டேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

நான் வேலையை விட்டு எழுத வந்து, சென்னையில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் ஒரு நடை எட்டிப் பார்ப்பேன். ஆபீஸ் இன்றும் குடோனில்தான், யூரியா வாடை மூக்கைத் துளைக்கிறது. மாடி காலியாகக் கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், எம்.டி. சார் வாஸ்து சரியில்லை என்று சமாளிப்பார். வாஸ்துவாவது ஒன்றாவது! அந்த மனுஷரைச் சின்னசேலத்துக்கு அனுப்பிவிட்டு நாங்கள் மட்டும் மேலே உட்கார்ந்து என்னத்தைக் கிழித்திருக்கப்போகிறோம்?